கடலோர ஊர்ல பழைய வீடு வாங்கறீங்களா? முதல்ல கூரையைத் தட்டிப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

ஒரு போன் வாங்கணும்னா நாம எத்தனை ரிவ்யூ பார்ப்போம்? கேமரா, பேட்டரி, சூடாகுதா, கீழ விழுந்தா உடையுதா, எல்லாம் பார்த்துட்டு அப்புறமும் சேல் வர்ற வரைக்கும் காத்திருப்போம். அதே ஆள் 40 லட்சத்துக்கு ஒரு வீடு பார்க்கப் போனா அரை மணி நேரத்துல முடிச்சிடுறார். கிச்சன் அக்னி மூலையில இருக்கா, கார் நிக்குமா, பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம். அவ்வளவுதான்.

காகிதத்துல நாம கெட்டி. வில்லங்கச் சான்றிதழ் 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்ப்போம், மூலப் பத்திரம் கேட்போம், வக்கீல்கிட்ட லீகல் ஒப்பீனியன் வாங்குவோம். கட்டடத்துக்கு அப்படி யாரும் ஒப்பீனியன் வாங்குறதில்ல. "பேங்க்ல இருந்து இன்ஜினியர் வருவாரே"ன்னு கேப்பீங்க. அவர் வர்றது வேல்யுவேஷனுக்கு. நீங்க கடன் கட்டலைன்னா இந்த வீட்டை எவ்வளவுக்கு விக்கலாம், அதுதான் அவரோட கேள்வி. உங்க பெட்ரூம் தளத்துல கம்பி துருப்பிடிச்சிருக்காங்கறது அவர் கேள்வி இல்ல. அமெரிக்காவுல வீட்டை ஆய்வு செய்றதுக்குன்னே தனித் தொழில் இருக்கு, 1976-லயே அவங்களுக்கு ஒரு சங்கம் வந்தாச்சு. வாங்கறவர் காசு கொடுத்து ஆள் வச்சு, அறை அறையா ரிப்போர்ட் வாங்கிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நம்ம ஊர்ல அந்த வேலையை நாமதான் பண்ணிக்கணும்.

நான் சிவில் இல்ல, முதல்லயே சொல்லிடறேன். கோடு எழுதறவன். ஆனா போன வருஷம் முழுக்க இதுலதான் கிடந்தேன், காரணம் எங்க அப்பா. நெய்வேலியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். முப்பத்து சொச்சம் வருஷம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். குழாய் ஒழுகினா கம்ப்ளெயின்ட் எழுதிப் போட்டா ஆள் வரும், வெள்ளையடிக்க ஆள் வரும். வேலை முடிஞ்ச அன்னைக்கு ஒருத்தர் கையில பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து ஒரு தொகை வருது, கூடவே வீட்டைக் காலி பண்ணணும்ங்கற தேதியும் வருது. அந்த மொத்தக் காசும் ஒரே ஒரு வீட்டுக்குள்ள போகப் போகுது, அதுவும் வீட்டுப் பராமரிப்புன்னா என்னன்னே தெரியாத ஒரு குடும்பத்தோட முதல் சொந்த வீடு. நெய்வேலி பக்கம் இருக்கறவங்களுக்கு இந்தக் கதை புதுசு இல்ல.

அப்பாவுக்கு ஆசை கடலூர்ல. தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள, காலையில சில்வர் பீச்சுக்கு வாக்கிங் போற தூரத்துல. 1996-ல கட்டின தனி வீடு, 1,100 சதுர அடி, விலை 42 லட்சம். புரோக்கர் சொன்னார், "சார், கல்லு மாதிரி வீடு." நாங்க ஒரு மேஸ்திரியையும் பொதுப்பணித்துறையில இருந்து ரிட்டயர் ஆன ஒரு இன்ஜினியரையும் கூட்டிட்டுப் போனோம். இன்ஜினியர் சார் வாங்கினது 6,000 ரூபாய். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவு 2 சதவீதம்னு 42 லட்சத்துக்கு 3.78 லட்சம் கட்டத் தயாரா இருக்கறவங்க, இந்த 6,000-ஐ மட்டும் "வேஸ்ட்"னு சொல்றதுதான் எனக்கு இன்னும் புரியல.

கையில இருந்தது பெருசா ஒண்ணும் இல்ல. நல்ல டார்ச், ரசமட்டம், டேப், ஒரு சின்னச் சுத்தியல், டி.டி.எஸ். மீட்டர், ஒரு கோலிக்குண்டு. கோலிக்குண்டு பாத்ரூமுக்கு. தரையில வச்சா அது தண்ணி போற ஓட்டையைப் பார்த்து உருளணும். எதிர்ப்பக்கம் உருண்டா வாட்டம் தப்பு. அந்த வீட்டுல அது வாசக்காலைப் பார்த்து உருண்டுச்சு, வாசக்காலோட அடிமரம் ஏன் ஊறிப்போய் இருந்துச்சுங்கறதுக்கு அதுவே பதில்.

மேஸ்திரி வீட்டுக்குள்ள போனதும் சுவரைப் பார்க்கல, மேல பார்த்தார். ஒரு நீளக் கட்டையை எடுத்து தளத்தோட அடிப்பக்கத்தை அடி அடியா தட்டிக்கிட்டே போனார். ஹால்ல எல்லா இடத்துலயும் "டங், டங்"னு ஒரே சத்தம். பின்பக்க பெட்ரூம்ல நடுவுல வந்ததும் சத்தம் "டொப்"னு மாறிடுச்சு. கிச்சன்லயும் ரெண்டு இடத்துல. "உள்ள விட்டுப் போச்சு தம்பி"ன்னார். அதாவது கான்கிரீட்டோட கீழ் அடுக்கு கம்பியில இருந்து பிரிஞ்சு தனியா நிக்குது. வெளியில பார்த்தா வெள்ளையடிச்ச நல்ல சீலிங்.

இது ஏன் நடக்குதுன்னு கொஞ்சம் நிதானமா பார்ப்போம். கடலோர ஊர்ல வீட்டோட ஆயுளை முடிவு பண்றது பெரும்பாலும் இதுதான். சிமென்ட் ரொம்பக் காரமான பொருள், புதுக் கான்கிரீட்டோட பி.எச். 12-க்கு மேல இருக்கும். அந்தக் காரத்துல கம்பி மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உருவாகி, துருப்பிடிக்காம காப்பாத்தும். அந்தப் படலத்துக்கு எதிரி ரெண்டு பேர். ஒண்ணு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு. அது மெல்ல மெல்ல உள்ள போய் காரத்தைக் குறைக்கும். இன்னொண்ணு உப்பு. கடல் காத்துல வர்ற குளோரைடு ஈரத்தோட சேர்ந்து கம்பி வரைக்கும் போய்ச் சேர்ந்தா, காரம் அப்படியே இருந்தாக்கூட படலத்தை அங்கங்க ஓட்டை போட்டுடும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் எடுக்கும். உள்ள இடம் இல்லாததால கான்கிரீட்டைத் தள்ளும். முதல்ல கம்பி போற வழியிலயே நேர்கோடா விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் ஒரு நாள் கட்டி கட்டியா கீழ விழும். விழற நேரத்துல கீழ யார் படுத்திருக்காங்கங்கறது வேற விஷயம்.

அப்ப உப்புக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு கான்கிரீட் இருக்குங்கறதுதான் முக்கியம். அதைத்தான் 'கவர்'னு சொல்றாங்க. ஐ.எஸ். 456-ங்கற இந்திய விதி, 2000-ல வந்த பதிப்புல, கடலோரச் சூழலுக்கு நேரடியா ஆட்படற கான்கிரீட்டை 'கடுமை'ங்கற வகையில வைக்குது. கவர் 45 மில்லிமீட்டர், கான்கிரீட் குறைஞ்சது எம் 30 இருக்கணும். உப்புக் காத்துல இருந்து மறைவா இருக்கற பகுதிக்கு 30 மில்லிமீட்டர். இதுக்கு முந்தின 1978 பதிப்புல தளத்துக்கு அடிப்படைக் கவர் வெறும் 15 மில்லிமீட்டர், மோசமான சூழலா இருந்தா கூட்டிக்கணும். 1996-ல தனி வீடு கட்டின மேஸ்திரி யாரு கூட்டினாங்க? கவர் பிளாக்குக்குப் பதிலா கம்பிக்குக் கீழ ரெண்டு ஜல்லியை முட்டுக் கொடுப்பாங்க, கான்கிரீட் கொட்டறப்ப ஆள் மிதிச்சா ஜல்லி நகர்ந்துடும், கம்பி சென்ட்ரிங் பலகையில போய் உக்காந்துடும். அந்த இடத்துல கவர் பூஜ்யம்.

இன்னொரு பக்கம், உப்பு வெளியில இருந்துதான் வரணும்னு இல்ல. கட்டறப்பவே உள்ள போட்டிருக்கலாம். அதே விதிப்படி கம்பி போடற கான்கிரீட்டுக்குக் கலக்கற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. கடலோரத்துல போர் போட்டா வர்ற தண்ணி பல இடத்துல வாயில வைக்க முடியாது. அதுலயே கலக்கி, அதுலயே க்யூரிங் பண்ணின வீடுகள் நிறைய. அதனாலதான் டி.டி.எஸ். மீட்டர். அது குளோரைடைத் தனியா சொல்லாது, மொத்தக் கரைசலைத்தான் சொல்லும். ஆனா மீட்டர்ல பெரிய நம்பர் வந்தா, கட்டறப்ப எந்தத் தண்ணின்னு பக்கத்து வீட்டுல விசாரிக்க ஒரு காரணம் கிடைச்சிடும்.

இன்ஜினியர் சார் பின்ரூம்ல ஓனர்கிட்ட அனுமதி கேட்டு ஒரு கையகலத்துக்குப் பூச்சை எடுக்கச் சொன்னார். கம்பியைச் சுரண்டிட்டு அளந்தார். 8 மில்லிமீட்டர் கம்பி சில இடத்துல 6-ஆ இருந்துச்சு. ரெண்டு மில்லிமீட்டர்தானேன்னு அப்பா சொன்னார். சார் சிரிச்சார். பலம் குறுக்குவெட்டுப் பரப்புல இருக்கு, விட்டத்துல இல்ல. 36-ஐ 64-ஆல வகுத்துப் பாருங்க, 56 சதவீதம்தான் மிச்சம். பாதிக்குக் கொஞ்சம் மேல.

இதுக்கு வைத்தியம் உண்டு. விட்டுப்போன கான்கிரீட்டை முழுசா கொத்தி எடுக்கணும், கம்பியோட பின்பக்கம் வரைக்கும் துருவைச் சுத்தம் பண்ணணும், துரு தடுப்புப் பூச்சு, தேவைன்னா புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, பாலிமர் கலந்த கலவையால மூடணும். முட்டுக் கொடுத்துட்டுச் செய்யற வேலை, செலவாகும். சாதா சிமென்ட்டை மேலால அப்பிப் பெயிண்ட் அடிக்கறது வைத்தியம் இல்ல, அது மேக்கப். ஒரு மழைக்காலம் தாங்கும்.

அடுத்து சன்ஷேடு. இதை யாரும் பார்க்கறதில்ல. ஜன்னலுக்கு மேல ஒரு பக்கம் மட்டும் சுவர்ல மாட்டித் தொங்குற பலகை அது. அதனால இழுவிசை மேல்பக்கத்துல, முக்கியக் கம்பியும் மேல்பக்கத்துலதான் இருக்கணும். கான்கிரீட் போடறப்ப மிதிச்சு கம்பி கீழ இறங்கியிருந்தா, அது கிட்டத்தட்ட கம்பி இல்லாத பலகை. மேல்பக்கத்துல, சுவரை ஒட்டி நீளவாக்குல விரிசல் இருக்கான்னு பாருங்க. அதுல ஏறி நின்னு ஏ.சி. மாட்டறவங்களை நான் இப்ப பார்க்கவே பயப்படறேன்.

விரிசல்னாலே பதற வேண்டாம். பூச்சுல வலை மாதிரி மெல்லிசா ஓடறது பெரும்பாலும் பூச்சு காஞ்சு சுருங்கினது. தளத்துக்குக் கீழ சுவரோட உச்சியில படுக்கையா ஓடற கோடு வெயில் பண்ற வேலை. 10 மீட்டர் தளம் 30 டிகிரி சூடேறினா சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், சுவர் அந்த அளவு நீளாது, சந்திக்கற இடத்துல விடும். தூணும் செங்கல்லும் சேர்ற இடத்துல நேர்க்குத்தா வர்றதும் அந்த ஜாதிதான். கவலைப்பட வேண்டியது ஜன்னல் மூலையில இருந்து குறுக்கா, படிக்கட்டு மாதிரி செங்கல் செங்கல்லா இறங்கற விரிசல். ஒரு முனையில அகலமா, ஒரு ரூபாய் நாணயம் நுழையற மாதிரி இருந்தா அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குதுன்னு சந்தேகப்படலாம். சிதம்பரம் பக்கம் டெல்டா களிமண், கோடையில சுருங்கி மழையில உப்பும். அங்க மே மாசம் வாய் திறக்கற விரிசல் கார்த்திகையில மூடிக்கும். அதனால ஒரே தடவை பார்த்துட்டு முடிவு சொல்ல முடியாது. விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போட்டுத் தேதி எழுதுங்க. குறுக்கால ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்க. கண்ணாடி உடைஞ்சா சுவர் இன்னும் நகருது.

விரிசலைக் கவனிக்கறது எவ்வளவு பெரிய விஷயம்ங்கறதுக்குச் சென்னையில ஒரு உதாரணம் இருக்கு. 2021 டிசம்பர் 27, திருவொற்றியூர்ல அரசுக் குடியிருப்போட 24 வீடுகள் இருந்த ஒரு பிளாக் அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. விரிசலைப் பார்த்துப் பயந்து அங்க இருந்தவங்க முன்னாடியே வெளியேறினதால உயிர்ச்சேதம் இல்ல. பொருள் எல்லாம் போச்சு. 24 குடும்பமும் இருக்கு.

சுவருக்கு அடியில வருவோம். ஓதம். தரையில இருந்து செங்கல் வழியா தண்ணி மேல ஏறி, இடுப்பு உயரத்துக்குள்ள பெயிண்ட் பொரிஞ்சு, வெள்ளையா உப்புப் பூத்து நிக்கும். நம்ம ஆளுங்க அதுக்குப் பண்ற வைத்தியம் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டறது. தண்ணி டைல்ஸுக்குப் பின்னால ஏறி நாலரை அடியில வெளிய வரும். ஈரம் சுவருக்குள்ள இருந்து வருதா, அறைக் காத்துல இருந்து படியுதான்னு தெரியணும்னா ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ரெண்டு நாள் ஒட்டி வையுங்க. தாளோட உள்பக்கம் வேர்த்தா சுவர், வெளிப்பக்கம் வேர்த்தா காத்து. முதுநகர் பக்கமோ சிதம்பரத்துல கோயில் வீதிகள் பக்கமோ சுண்ணாம்புச் சுவர் வச்ச ரொம்பப் பழைய வீடு பார்க்கறவங்களுக்கு ஒண்ணு. அந்தச் சுவர் மூச்சு விடும். அது மேல சிமென்ட் பூசியிருந்தா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். மெட்ராஸ் டெரஸ் கூரையா இருந்தா மர உத்தரம் சுவருக்குள்ள போற முனையைக் குத்திப் பாருங்க, கரையானும் இற்றுப்போறதும் அங்கதான் ஆரம்பிக்கும்.

வெள்ளம். இதை விக்கறவர்கிட்ட கேக்காதீங்க, பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட கேளுங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் மழை, 2024 டிசம்பர் ஃபெஞ்சல்னு கடலூர்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஃபெஞ்சல்ல இங்க பெய்ஞ்ச மழை ஒரு பக்கம்னா, சாத்தனூர் அணையில 1.5 லட்சம் கன அடிக்கு மேல திறந்து, அது தென்பெண்ணையில வந்து குண்டு உப்பலவாடி, தாழங்குடா பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள நுழைஞ்சது இன்னொரு பக்கம். உங்க தெருவுல மழையே இல்லாத நாள்லயும் வெள்ளம் வரலாம்னு அர்த்தம். மீட்டர் பாக்ஸுக்குப் பின்னாடி, படிக்கட்டுக்கு அடியில, அலமாரிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. பெயிண்ட் அடிக்கறவங்க மறந்துபோற இடங்கள். தண்ணி நின்ன கோடு அங்க இருக்கும்.

ரோடு மட்டத்தையும் பாருங்க. பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல போட்டு வீடெல்லாம் பள்ளமாப் போச்சு. சுரண்டிட்டுத்தான் போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். ஏற்கனவே உயர்ந்த ரோடு இறங்காது. வீட்டோட பேஸ்மட்டம் ரோட்டை விடக் கீழ இருந்தா, ஜாக்கி வச்சு வீட்டைத் தூக்கற செலவையும் சேர்த்துத்தான் விலை பேசணும்.

மொட்டை மாடியில தட்டோடு இணைப்பு விட்டிருக்கா, கைப்பிடிச்சுவர் ஓரம் பிளந்திருக்கா, பாசி எங்க வட்டமா படிஞ்சிருக்குன்னு பாருங்க. பாசி வளையம் இருக்கற இடத்துல தண்ணி நிக்குது. அதுக்கு நேர் கீழ போய் சீலிங்கைத் தட்டிப் பாருங்க. எங்களுக்கு அது பின்ரூமுக்கு நேர் மேல இருந்துச்சு. தண்ணி கட்டி வச்சு சோதிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. சந்தேகமான தளத்துல இன்ஜினியர் இல்லாம பண்ணாதீங்க, 5 சென்டிமீட்டர் தண்ணியே சதுர மீட்டருக்கு 50 கிலோ. வயரிங் பத்தி ஒரே விஷயம்: எர்த் வேலை செய்யுதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கா, அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கினா ட்ரிப் ஆகுதா. இல்லைன்னா அதை முதல் செலவா எழுதிக்கங்க.

எங்க கதைக்கு வர்றேன். சார் கொடுத்த கணக்கு: ரெண்டு அறைத் தளம், நாலு சன்ஷேடு, மாடி வேலை எல்லாம் சேர்த்து சுமார் 5 லட்சம், அதுவும் பிரிச்சுப் பார்த்தா கூடலாம். விக்கறவர் ஒன்றரை லட்சம் குறைச்சார். அப்பா மனசு கடற்கரையிலேயே இருந்துச்சு. "பார்த்துக்கலாம், எல்லா வீட்டுலயும் ஏதாவது இருக்கும்"னு சொல்லிப் பார்த்தார். அம்மாதான் கேட்டாங்க, "குவார்ட்டர்ஸ்ல கூரை விழுந்தா கம்ப்ளெயின்ட் எழுதலாம். இங்க யாருக்கு எழுதுவீங்க?" அதோட விட்டுட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு அதே வீடு விளம்பரத்துல வந்துச்சு. புது பெயிண்ட், பின்ரூமுக்கு ஃபால்ஸ் சீலிங், விலை 44 லட்சம். தனி வீட்டுல ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங் இருந்தா ஒரு பலகையைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா கிளம்பிடுங்க.

அப்புறம் கடல்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு வீடு கிடைச்சுது. ஆடியில முதல் தடவை பார்த்தோம், ஐப்பசி மழையில ரெண்டாவது, மார்கழியில மூணாவது. ஆடியும் மார்கழியும் யாரும் பத்திரம் போட மாட்டாங்க, அவசரப்படுத்தற புரோக்கரும் சும்மா இருப்பார். தையில முடிச்சோம்.

ஏற்கனவே சொந்த வீடு இருக்கறவங்க இந்த வேலையை வருஷா வருஷம் புரட்டாசிக்குள்ள முடிச்சிடுங்க. மாடிக் குழாய் வாயில இலை, மண் எடுக்கறது, தட்டோடு இணைப்பு அடைக்கறது, மேல்தொட்டிக்கு அடியில கசியுதான்னு பார்க்கறது, சன்ஷேடு மேல இருக்கற பூந்தொட்டியை இறக்கறது, எல்லா அறையிலயும் ஒரு தடவை கட்டையால தட்டறது. தட்டறப்ப போன்ல ரெக்கார்டு பண்ணி வச்சுக்கங்க. அடுத்த வருஷம் அதே இடத்துல சத்தம் மாறியிருந்தா ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்க அப்பா ஒரு நோட்டுல எழுதறார், நெய்வேலி ஷிப்ட் லாக் புக் மாதிரியே, தேதி, நேரம், கையெழுத்தோட.

வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு "சீலிங் விழற மாதிரி இருக்கு, ஓனர் கண்டுக்கல"ன்னு மூணு பேர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கீங்க. அது அடுத்த எபிசோட். அதுவரைக்கும் அந்த இடத்துக்குக் கீழ கட்டிலைப் போடாதீங்க.